சாவியும் பூட்டும்: இன்சுலினும் கொழுப்பு அமிலங்களும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நாளமில்லாச் சுரப்பிகளைக் கற்பிக்கும்போது, இன்சுலினுக்கு நாம் ஒதுக்குவது ஏறக்குறைய ஒரு பாடவேளை. கணையம், லாங்கர்ஹான் திட்டுகள், ஆல்ஃபா செல்கள், பீட்டா செல்கள் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், குளுக்ககான் கூட்டும் என்கிறோம். இன்சுலின் குறைந்தால் டயாபடீஸ் மெலிட்டஸ். அதன் அறிகுறிகள் அடிக்கடி சிறுநீர் கழித்தல், மிகுந்த தாகம், மிகுந்த பசி. மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது.

இதே பகுதியை நடத்தியபோது ஒரு மாணவன் கேட்ட கேள்வி என்னை இந்தப் பாடத்துக்குள் மேலும் இழுத்துச் சென்றது. "பசி அதிகமாகி நிறையச் சாப்பிடுறாங்கன்னா குண்டாகத்தானே ஆகணும்? எங்க தெருவில ஒரு பையன் சர்க்கரை வந்து எலும்பும் தோலுமா ஆயிட்டானே, ஏன் சார்?"

மிக நல்ல கேள்வி. குளுக்கோஸை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. விடை கொழுப்பில் இருக்கிறது. இன்சுலின் சர்க்கரைக்கான ஹார்மோன் மட்டுமன்று. உடலில் உள்ள கொழுப்பைச் சேமிப்பதா, செலவழிப்பதா என்று முடிவு செய்யும் ஹார்மோனும் அதுதான். இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கற்பித்தால் பாடம் தெளிவாகும். அதோடு, நம் பள்ளியில் படிக்கும் ஏதோ ஒரு குழந்தையின் உயிருக்கு அது துணையாகவும் இருக்கலாம். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் விளக்குகிறேன்.

கைச்செலவும் குதிரும்

முதலில் ஒரு கணக்கு. நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்த இரத்தத்திலும் உள்ள குளுக்கோஸ் 5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அவ்வளவுதான். மாணவர்களையே இந்தப் பெருக்கலைச் செய்யச் சொன்னால் வியந்துபோகிறார்கள்.

கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் இருக்கலாம். கார்போஹைட்ரேட் ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி. ஆக, கிளைக்கோஜன் முழுவதும் சேர்ந்து 2,000 கிலோ கலோரி. ஒரு நாள் செலவுக்குத்தான் வரும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் 12 கிலோ கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி. மொத்தம் 1,08,000 கிலோ கலோரி. ஐம்பது நாளுக்கு மேல் வரும் சேமிப்பு இது. இதே ஆற்றலைக் கிளைக்கோஜனாகச் சேமித்தால் 27 கிலோ ஆகும். கிளைக்கோஜன் தன்னோடு சுமார் மூன்று மடங்கு நீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் மேலும் 81 கிலோ. அதாவது 12 கிலோவில் முடிந்த வேலைக்கு 108 கிலோவைச் சுமக்க வேண்டியிருக்கும். உடல் ஏன் கொழுப்பைச் சேமிப்புப் பொருளாக வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

கிளைக்கோஜன் சட்டைப்பையில் இருக்கும் கைச்செலவுப் பணம். கொழுப்பு வீட்டுக் குதிரில் இருக்கும் நெல். குதிருக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் அல்லவா? அவர்தான் இன்சுலின்.

குதிரில் இருப்பது எது?

அடிபோஸ் திசுவின் செல்களில் கொழுப்பு டிரைகிளிசரைடாக இருக்கிறது. ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமில மூலக்கூறுகள் இணைந்தது அது. இதை மாணவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கார்பன் சேர்மங்கள் பாடத்தில் சோப்பு தயாரிப்பதைப் படிக்கிறார்கள். தேங்காய் எண்ணெயைக் காரத்தோடு சேர்க்கும்போது எண்ணெய் கிளிசராலாகவும் கொழுப்பு அமில உப்பாகவும் பிரிகிறது. அந்த உப்புதான் சோப்பு. அங்கே காரம் செய்கிற பிரிப்பை நம் உடலில் லைப்பேஸ் நொதிகள் செய்கின்றன. வேதியியலையும் உயிரியலையும் இணைக்க நல்ல இடம் இது.

பிரிந்த கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் தனியாக மிதந்து செல்வதில்லை. அல்புமின் என்ற புரதம் அவற்றைச் சுமந்து செல்கிறது. இதயமும் தசைகளும் அவற்றை விரும்பி எரிக்கின்றன. ஆனால் இரு இடங்களில் அவற்றுக்கு வேலையில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. எனவே அவை குளுக்கோஸை மட்டுமே நம்பியிருக்கின்றன. மூளையும் கொழுப்பு அமிலங்களைத் தன் எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை. இந்த இரண்டையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

சாப்பிட்ட பின்

காலை எட்டு மணிக்கு நான்கு இட்லி சாப்பிட்டதாகக் கொள்வோம். இரத்தத்தில் குளுக்கோஸ் உயர்கிறது. பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசைக்குள் குளுக்கோஸ் நுழைவதையும், கல்லீரலில் கிளைக்கோஜன் உருவாவதையும் நாம் வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதே நேரத்தில் கொழுப்பின் பக்கம் நான்கு வேலைகள் நடக்கின்றன.

1. உணவில் வந்த கொழுப்பு இரத்தத்தில் சிறு உருண்டைகளாகச் செல்கிறது. அடிபோஸ் திசுவின் இரத்த நுண்குழாய்ச் சுவரில் உள்ள லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியை இன்சுலின் ஊக்குவிக்கிறது. அந்த நொதி உருண்டைகளில் உள்ள டிரைகிளிசரைடைப் பிரிக்க, கொழுப்பு அமிலங்கள் கொழுப்புச் செல்லுக்குள் நுழைகின்றன.

2. உள்ளே வந்த கொழுப்பு அமிலங்களை மீண்டும் டிரைகிளிசரைடாகக் கட்ட ஒரு முதுகெலும்பு வேண்டும். கொழுப்புச் செல் அதைக் குளுக்கோஸிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. கொழுப்புச் செல்லுக்குள் குளுக்கோஸை அனுமதிப்பதும் இன்சுலின்தான். ஆக, குதிருக்குள் நெல்லும் சாக்கும் ஒரே நேரத்தில் வந்து சேருகின்றன.

3. ஏற்கெனவே சேமிப்பில் உள்ள கொழுப்பைப் பிரிக்கும் லைப்பேஸ்களை இன்சுலின் அடக்கி வைக்கிறது. இவற்றில் ஒன்றின் பெயரே ஹார்மோன் உணர் லைப்பேஸ். அட்ரீனலின் இதைத் தூண்டும். இன்சுலின் இதைத் தடுக்கும்.

4. கல்லீரலில் மிகுந்திருக்கும் குளுக்கோஸின் ஒரு பகுதி அசெட்டைல் கோ-ஏ வழியாகக் கொழுப்பு அமிலமாக மாற இன்சுலின் வழி செய்கிறது. சாதாரண உணவில் இவ்வாறு உருவாகும் கொழுப்பின் அளவு குறைவே. தேவைக்கு மிஞ்சிய மாவுப்பொருள் நாள்தோறும் தொடர்ந்தால் அது கூடுகிறது.

நான்காவதைவிட மூன்றாவது முக்கியமானது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். "சோறு எப்படிக் கொழுப்பாகும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். சோறு நேராகக் கொழுப்பாவது ஒரு வழி. சோற்றால் உயர்ந்த இன்சுலின், இருக்கிற கொழுப்பை எரியவிடாமல் காப்பது இன்னொரு வழி. சாப்பிட்ட சோறு எரிகிறது. உடன் சாப்பிட்ட எண்ணெய் குதிருக்குப் போகிறது.

பாடநூல்களில் இன்சுலினைச் 'சாவி' என்று விளக்கும் வழக்கம் உண்டு. செல்லின் கதவைக் குளுக்கோஸுக்காகத் திறக்கும் சாவி. உவமை சரிதான், ஆனால் பாதிதான். நான் வகுப்பில் இன்னொரு பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன்: "இன்சுலின் குளுக்கோஸுக்குச் சாவி, கொழுப்புக்குப் பூட்டு." இந்த ஒரு வரி மாணவர்களிடம் நிலைத்துவிடுகிறது.

இரவு முழுவதும் பசித்திருக்கும்போது

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, மறுநாள் காலை எட்டு மணி வரை பன்னிரண்டு மணி நேரம் நாம் எதையும் உண்பதில்லை. ஆயினும் இதயம் நிற்பதில்லை. குளுக்கோஸ் இயல்பு நிலைக்குத் திரும்பியதும் இன்சுலின் சுரப்பு குறைகிறது. இரத்தத்தில் இன்சுலின் சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால் அதன் விளைவு விரைவில் தெரிகிறது. பூட்டு தளர்கிறது. லைப்பேஸ்கள் வேலையைத் தொடங்குகின்றன. கொழுப்பு அமிலங்கள் இரத்தத்துக்கு வருகின்றன.

தசைகள் கொழுப்பு அமிலத்துக்கு மாறிக்கொள்கின்றன. கல்லீரல் கிளைக்கோஜனை உடைத்து மூளைக்கும் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸை அனுப்புகிறது. வீட்டில் அரிசி குறைவாக இருக்கும்போது, பெரியவர்கள் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுக் குழந்தைக்குச் சோற்றை எடுத்து வைப்பதுபோல, தசைகள் கொழுப்பை எரித்து மூளைக்குக் குளுக்கோஸை விட்டுக்கொடுக்கின்றன.

உண்ணாமை பல நாள் நீடித்தால் என்ன ஆகும்? கல்லீரல் கொழுப்பு அமிலங்களை உடைத்து வரும் அசெட்டைல் கோ-ஏவிலிருந்து கீட்டோன் பொருட்களை உண்டாக்கும். அசெட்டோ அசிட்டிக் அமிலம், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலம், அசெட்டோன் ஆகிய மூன்றும்தான் அவை. கொழுப்பு அமிலத்தைப் பயன்படுத்த இயலாத மூளை முதல் இரண்டையும் பயன்படுத்த முடியும். நீண்ட பட்டினியில் மூளையின் எரிபொருள் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன் பொருட்களே தருகின்றன. எனவே கீட்டோன் என்றாலே நஞ்சு என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. அளவோடு இருக்கும்வரை அது உடலின் அவசரகால ஏற்பாடு. அந்த அளவைக் காப்பது, பட்டினியிலும் முற்றிலும் நின்றுவிடாமல் சுரந்துகொண்டிருக்கும் சிறிதளவு இன்சுலின்.

குளுக்கோஸ் கொழுப்பாகலாம். ஆனால் கொழுப்பு அமிலம் நம் உடலில் குளுக்கோஸாக மாறாது. பைருவிக் அமிலம் அசெட்டைல் கோ-ஏ ஆவது திரும்பி வர முடியாத வினை. டிரைகிளிசரைடில் உள்ள கிளிசரால் மட்டுமே குளுக்கோஸாக முடியும். இந்த ஒருவழிப் பாதையைப் புரிந்துகொண்டால், கீட்டோன் ஏன் தேவைப்படுகிறது என்பதும் புரியும்.

மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு செய்தி

கல்லீரல் ஒரே நேரத்தில் கொழுப்பு அமிலத்தைத் தயாரித்துக்கொண்டே, அதை எரிக்கவும் செய்தால் வீண்வேலை. அப்படி நடக்காமல் தடுப்பது மலோனைல் கோ-ஏ என்ற மூலக்கூறு. இன்சுலின் உயர்ந்திருக்கும்போது அசெட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் நொதி செயல்பட்டு மலோனைல் கோ-ஏவை உருவாக்குகிறது. கொழுப்பு அமிலம் கட்டப்படுவதற்கான மூலப்பொருள் இது. இதே மூலக்கூறு, கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிச் செல்லும் கார்னிட்டின் வாயிலையும் அடைத்துவிடுகிறது. புதிதாகக் கட்டப்படும் கொழுப்பு எரிந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு இது. இன்சுலின் குறைந்து குளுக்ககான் உயர்ந்தால் மலோனைல் கோ-ஏ குறைகிறது, வாயில் திறக்கிறது, பீட்டா ஆக்சிஜனேற்றம் தொடங்குகிறது. 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஏழு சுற்றுகளில் எட்டு அசெட்டைல் கோ-ஏ துண்டுகளாகிறது. எட்டுத் துண்டுக்கு ஏன் ஏழு சுற்று என்பதை, ஒரு கயிற்றை எட்டாக வெட்ட எத்தனை வெட்டு வேண்டும் என்று கேட்டு விளக்கலாம்.

பூட்டு இல்லாத குதிர்

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் அறவே இல்லாத நிலை. சாவி இல்லாததால் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்கிச் சிறுநீரில் வெளியேறுகிறது. நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. பூட்டு இல்லாததால் கொழுப்பு இரவு பகலாகக் கரைகிறது. தசைப் புரதமும் சிதைகிறது. உண்ட உணவு சேமிப்புக்குப் போவதற்கு வழியே இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் குழந்தை மெலிவது இதனால்தான்.

வெளியே வந்து குவியும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலில் கட்டுக்கடங்காமல் கீட்டோன்களாகின்றன. இரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். அமிலத்தன்மை கொண்ட கீட்டோன்கள் அதை 7.3-க்கும் கீழே இறக்கிவிடுகின்றன. உடல் அமிலத்தைக் குறைக்க முயன்று கார்பன் டைஆக்சைடை வேகவேகமாக வெளியேற்றுகிறது. அதனால் ஆழ்ந்த, வேகமான மூச்சு. அசெட்டோன் மூச்சில் கலப்பதால் கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை, அல்லது நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாசனை. வயிற்றுவலி, வாந்தி, சோர்வு, பின்பு மயக்கம். இதுவே கீட்டோன் அமிலத்துவம். உடனே மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1889-இல் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. ஆனால் கணையத்திலிருந்து மருந்து கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலானது. அதுவரை நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு ஏறக்குறையப் பட்டினி போடுவதே சிகிச்சை. கனடாவின் டொராண்டோவில் பேண்டிங், பெஸ்ட், மெக்லியாட், கொலிப் ஆகியோரின் முயற்சியால் கிடைத்த சாறு, 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது. தூய்மை போதாததால் முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கொலிப் தூய்மைப்படுத்திய சாற்றை ஜனவரி 23 அன்று செலுத்தியபோது இரத்தச் சர்க்கரை இறங்கியது. சிறுநீரில் இருந்த கீட்டோன்களும் மறைந்தன. இந்த இரண்டாவது செய்தியை நாம் வகுப்பில் விட்டுவிடுகிறோம். சாவியும் பூட்டும் ஒரே ஊசியில் திரும்பி வந்ததற்கான சான்று அது. தாம்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். 1923-இல் பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேண்டிங் பிறந்த நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நமக்கு அது குழந்தைகள் தினமும்கூட.

இரண்டாம் வகையில் என்ன வேறுபாடு?

நம் மாணவர்களின் வீடுகளில் அதிகம் காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவு. இங்கே இன்சுலின் இருக்கிறது. செல்கள் அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. தசைக்குள் குளுக்கோஸை அனுப்பத் தேவைப்படும் இன்சுலினைவிட, கொழுப்பைப் பூட்டி வைக்கத் தேவைப்படும் இன்சுலின் மிகக் குறைவு. எனவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தப் போதாத இன்சுலின்கூட, கீட்டோன் வெள்ளத்தைத் தடுக்கப் போதுமானதாக இருந்துவிடுகிறது. இரண்டாம் வகையினரில் கீட்டோன் அமிலத்துவம் அரிதாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆனாலும் பூட்டு முன்போல் இறுக்கமாக இல்லை. கொழுப்பு அமிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்துக்கு அனுப்புகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே படிகிறது. தாத்தாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சர்க்கரையோடு டிரைகிளிசரைடும் ஏன் உயர்ந்திருக்கிறது என்று கேட்கும் மாணவிக்கு இதுவே விடை. தசை சுருங்கும்போது இன்சுலின் துணையின்றியே அது குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். ஆகவே நடையும் விளையாட்டும் மருந்துக்குத் துணை நிற்கின்றன. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

வகுப்பறைச் செயல்பாடு: பொட்டலமும் புளியங்கொட்டையும்

தேவையானவை: உடைந்த சுண்ணக்கட்டித் துண்டுகள் (குளுக்கோஸ்), புளியங்கொட்டைகள் (கொழுப்பு அமிலம்), சிறிய பழைய தாள்கள் (கிளிசரால்), சிவப்புத் தாள் துண்டுகள் (கீட்டோன்), ஒரு பச்சை அட்டை (இன்சுலின்).

மூன்று புளியங்கொட்டைகளை ஒரு தாளில் பொட்டலம் கட்டினால் அது ஒரு டிரைகிளிசரைடு. தரையில் வரைந்த பெரிய வட்டம் இரத்தம். மாணவர்கள் கணையம், கல்லீரல், தசை, அடிபோஸ் திசு, மூளை என ஐந்து குழுக்களாக வட்டத்தைச் சுற்றி அமர்கிறார்கள்.

முதல் காட்சி, சாப்பிட்ட பின். நான் வட்டத்தில் சுண்ணக்கட்டிகளையும் கொட்டைகளையும் போடுகிறேன். கணையக் குழு பச்சை அட்டையை உயர்த்துகிறது. தசையும் கல்லீரலும் சுண்ணக்கட்டிகளை எடுக்கின்றன. அடிபோஸ் குழு கொட்டைகளைப் பொட்டலம் கட்டுகிறது. மூளைக் குழுவுக்கு மட்டும் விதிவிலக்கு: அட்டை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அது சுண்ணக்கட்டியை எடுக்கலாம்.

இரண்டாம் காட்சி, இரவு. அட்டை பாதி தாழ்கிறது. அடிபோஸ் குழு பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டைகளை வட்டத்தில் வைக்கிறது. தசை அவற்றை எடுக்கிறது. கல்லீரல் தன் சுண்ணக்கட்டிகளை மூளைக்காக வட்டத்தில் வைக்கிறது.

மூன்றாம் காட்சி, இன்சுலின் இல்லாத நிலை. அட்டையை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். வட்டத்தில் சுண்ணக்கட்டிகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எடுக்கத் தசைக்கு அனுமதியில்லை. அடிபோஸ் குழு நிறுத்தாமல் பொட்டலங்களைப் பிரிக்க வேண்டும். கல்லீரல் தன்னிடம் வரும் கொட்டைகளுக்கு ஈடாகச் சிவப்புத் தாள்களை வட்டத்தில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வட்டம் நிரம்பி வழிகிறது. அடிபோஸ் குழுவின் கையில் ஒன்றுமில்லை. "உள்ளே இவ்வளவு கிடக்குது, எடுக்கத்தான் முடியல சார்" என்று தசைக் குழுவில் ஒருவர் தவறாமல் சொல்வார். மெலிவுக்கான விளக்கம் அவர்கள் வாயாலேயே வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு பாடவேளை போதும். முடிந்ததும் கீழ்க்கண்ட வினாக்களைக் கேட்கலாம்:

1. இன்சுலின் மிகும்போது கொழுப்புச் செல்லில் நடைபெறும் இரண்டு மாற்றங்களைக் கூறுக.
2. பத்து மணி நேரம் உண்ணாதபோது தசையின் எரிபொருள் எது? மூளையின் எரிபொருள் எது? ஏன் இந்த வேறுபாடு?
3. கொழுப்பைக் குளுக்கோஸாக மாற்ற முடியாத உடல், பட்டினியில் மூளையை எவ்வாறு காக்கிறது?
4. முதல் வகை நீரிழிவில் மூச்சு ஏன் ஆழமாகவும் வேகமாகவும் ஆகிறது? அமிலம், காரம் பாடத்தோடு இணைத்து விளக்குக.
5. நீரிழிவு உள்ள ஒரு சிறுவன் காய்ச்சலால் எதுவும் உண்ணவில்லை. அவனுக்கு இன்று இன்சுலின் தேவையா?

ஐந்தாவது வினா

கடைசி வினாவுக்குப் பெரும்பாலான மாணவர்கள் "தேவையில்லை" என்றே எழுதுகிறார்கள். சாப்பிடவில்லை, சர்க்கரை ஏறாது, எனவே ஊசி வேண்டாம். குளுக்கோஸை மட்டும் படித்தவருக்கு இந்த விடை நியாயமாகவே தோன்றும். வீடுகளிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கள் பள்ளியில் முதல் வகை நீரிழிவு உள்ள மாணவி ஒருத்தி இரண்டு நாள் காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தபோது, சாப்பிடாத குழந்தைக்கு ஊசி எதற்கு என்று வீட்டார் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் மூச்சிரைப்போடு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். நல்ல வேளையாகப் பிழைத்து வந்தாள். அன்பில்லாமல் எடுத்த முடிவு அன்று அது. பூட்டைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சரியான விடை: தேவை. உண்ணாத நாளிலும் கொழுப்பைப் பூட்டி வைக்க இன்சுலின் வேண்டும். காய்ச்சலின்போது சுரக்கும் அட்ரீனலினும் கார்ட்டிசாலும் கொழுப்பை மேலும் கரைப்பதால், அன்றைக்குத் தேவை கூடவும் செய்யலாம். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். தாமாக நிறுத்தக் கூடாது என்பதை நாம் சொல்லலாம்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு. சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்து, அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்கும் குழந்தையைக் கண்டிக்காமல், பெற்றோரை அழைத்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லலாம். நீரிழிவு உள்ள குழந்தைக்குத் தண்ணீர், கழிப்பறை, இடைவேளைத் தின்பண்டம், ஊசி போட மறைவான இடம் ஆகியவற்றைத் தடையின்றித் தரலாம். அந்தக் குழந்தைக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் அது சர்க்கரை குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். விழிப்போடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, பழ வாசனை இருந்தாலும் காத்திருக்காமல் 108 தான்.

வரும் நவம்பர் 14 அன்று குழந்தைகள் தின விழாவில் பொட்டலமும் புளியங்கொட்டையும் நாடகத்தை மேடையேற்றலாம். பெற்றோர்களும் வந்திருப்பார்கள். ஐந்தாவது வினாவை அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். விடையை உங்கள் மாணவர்களே சொல்லட்டும்.